பரு விட்டுப்போன கறைக்குக் கெமிக்கல் பீல்: திருமணத்துக்கு முன் வீட்டிலேயே செய்யலாமா?

11 டிசம்பர் 2024, காலை (கேள்வி)

தை நடுவில் எனக்குத் திருமணம். வயது 26, மாநிறம். இரண்டு கன்னத்திலும் பரு வந்துபோன கறை. நெற்றியும் வாயோரமும் களையிழந்து கிடக்கின்றன. அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரியவைக்கும் கெமிக்கல் பீலை வீட்டிலேயே செய்யலாம் என்று தேடியபோது, இணையத்தில் 70 சதவீதக் கிளைகோலிக் அமிலம் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். வாரம் ஒருமுறை செய்தால் திருமணத்துக்குள் கறை போய்விடுமா? நிறமும் கொஞ்சம் கூடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

11 டிசம்பர் 2024, இரவு (பதில்)

அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பழ அமிலங்கள் என்று சொல்லப்படும் குடும்பத்தில் மிகச் சிறிய மூலக்கூறு கிளைகோலிக் அமிலத்துடையது. அதனால்தான் அது தோலுக்குள் வேகமாக இறங்குகிறது. 70 சதவீதம் என்பது தோல் மருத்துவர்கள் மேல்படியில் வைத்திருக்கும் அளவு. அவர்களே 20, 30 என்று தொடங்கி, தோல் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். சதவீதம் மட்டும் கடுமையைச் சொல்லிவிடாது. அதே 70 சதவீதம், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) குறையக் குறைய இன்னும் கடுமையாகும். உங்கள் பாட்டிலில் பிஎச் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளைகோலிக் தானாக அடங்காது. குறித்த நேரத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலால் முறிக்க வேண்டும், இல்லையென்றால் நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஐந்து நிமிடம் என்ற கணக்கு யாருடைய முகத்துக்குப் போட்டது? மூக்கோரத்தில் இரண்டே நிமிடத்தில் திட்டாகச் சிவந்துவிட்டால் அந்த இடத்தை அப்போதே முறிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எதிரே இன்னொரு ஆள், பழகிய கண்ணோடு, நல்ல வெளிச்சத்தில் நிற்க வேண்டும். எரிச்சலில் கண்ணை இடுக்கிக்கொண்டு குளியலறைக் கண்ணாடியில் பார்க்கிற வேலை இல்லை இது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை விட்டது. டிரைகுளோரோ அசிட்டிக், கிளைகோலிக், சாலிசிலிக், லாக்டிக் அமிலங்கள் கொண்ட கடுமையான பீல்களை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்கி வீட்டில் போடாதீர்கள், தீக்காயமும் தொற்றும் நிரந்தர வடுவும் வரலாம் என்றார்கள்.

12 டிசம்பர் 2024

நேற்று பாட்டிலைப் பற்றியே பேசினேன். அதற்கு முன் பார்க்க வேண்டியது உங்கள் கன்னத்தில் இருப்பது கறையா, குழியா என்பது.

பகலில் ஜன்னலோரமாக நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு கைக்கண்ணாடியில் பாருங்கள். தோல் மட்டமாக இருந்து நிறம் மட்டும் பழுப்பாக இருந்தால் அது கறை. பரு ஆறும்போது அந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து தங்கிவிட்டது. மேல்தோலில் தங்கிய இந்தப் பழுப்புக் கறைக்குத்தான் மேலோட்டமான பீல் நன்றாக உதவும். கறை சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தால் நிறமி உள்தோலுக்கு இறங்கியிருக்கலாம். அங்கே மேலோட்டமான பீல் எட்டாது.

நிழல் விழுகிறதென்றால் அது குழி. குழிக்கு பீல் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஊசியால் குத்தியது போன்ற ஆழமான குழிகளுக்கு வேறு முறை இருக்கிறது. குச்சியின் கூர்முனையில் 65 முதல் 100 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு, ஒவ்வொரு குழிக்குள்ளும் மட்டும் வைப்பார்கள். கொரிய மருத்துவர்கள் 2002-ல் எழுதிய முறை. அகன்ற, அலை அலையான பள்ளங்களுக்கு நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங், அல்லது அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடும் சப்சிஷன். இவை மருத்துவர் கைக்கு உரியவை.

புதுப்பரு இன்னும் வருகிறதா? வருகிறதென்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் கறையை எடுக்க எடுக்க மறுபக்கம் புதுக்கறை வந்துகொண்டே இருக்கும்.

நிறம் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. பிறந்த நிறத்தை எந்த பீலும் மாற்றாது. மேலே தேங்கிய செத்த செல்கள் போய், தோல் சீராகி, வெளிச்சம் நன்றாகப் பட்டுத் தெரியும். களை என்று நாம் சொல்வது அதைத்தான். மாநிறத்தில் அந்தக் களை எவ்வளவு அழகாக வரும் என்று எந்த விளம்பரமும் காட்டாதது எனக்கு வருத்தம்.

15 டிசம்பர் 2024

என் கதையைக் கேட்டவர்களுக்காக. நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. தினமும் ஸ்கூட்டரில் வெயிலில் போய்வருகிறவள். எண்ணெய்ப் பசை முகம், முப்பது தாண்டியும் தாடையில் பரு, கன்னம் முழுக்கக் கறை.

முதல் நாளே மருத்துவர் அமிலம் போடவில்லை. இரவில் ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் களிம்பு 0.025 சதவீதம், பட்டாணி அளவு, காலையில் சன்ஸ்கிரீன். சில வாரம் இதைச் செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம். இவ்வளவு தூரம் வந்தது களிம்பு வாங்கவா என்று இருந்தது. அவர் சொன்ன காரணம் பிறகு விளங்கியது: தோலின் மேலடுக்கு ஒரே சீராக இல்லையென்றால் அமிலம் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் இறங்கும். ஆழமாக இறங்கிய இடம் நம் தோலில் கருத்துவிடும். சீராக்கிக்கொண்டு போனால் அந்த ஆபத்து குறைகிறது. பீலுக்குச் சில நாள் முன்பே ட்ரெட்டினாயினை நிறுத்தச் சொன்னார்.

எனக்குப் போட்டது சாலிசிலிக், 20 சதவீதம். எண்ணெயில் கரையும் அமிலம் என்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பைக் கரைக்கிறது. பருவும் கரும்புள்ளியும் உள்ள எண்ணெய்ப் பசை முகத்துக்கு அதுதான் பொருத்தம் என்றார். கூந்தலைப் பட்டை போட்டு ஒதுக்கினார்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார்கள். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டு ஓரம் மூன்றிலும் வாசலின். கண் மேல் ஈரப்பஞ்சு. பிறகு நெற்றியிலிருந்து தூரிகை. முதலில் குளிர்ச்சி, அடுத்த நொடியே சுரீர் என்று ஏறுகிறது. உதவியாளர் பெண் கையில் ஒரு சின்ன மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் அதிகம் எரிகிறது என்று கேட்டுக் கேட்டுக் காட்டினார். சில நிமிடத்தில் எரிச்சல் தானே அடங்கி மரத்துப்போனது. சாலிசிலிக்குக்கு மரக்கச் செய்யும் குணமும் உண்டு.

கண்ணாடியைக் காட்டியபோது முகமெல்லாம் வெள்ளைப் பொடி. பயந்துவிட்டேன். ஸ்பிரிட் ஆவியாகிப்போக அமிலம் படிகமாகத் தங்கியது அது என்று விளக்கினார். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் முகம் வெளுப்பது வேறு. அங்கே தோலின் புரதமே உறைகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். படிகத்தைத் தண்ணீரால் துடைத்து எடுத்துவிட்டார்கள். சாலிசிலிக்குக்கு முறிப்புக் கரைசல் தேவையில்லை.

16 டிசம்பர் 2024

பாம்புச் சட்டை போல உரியுமா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. எனக்கு மூன்றாம் நாள் வாயோரத்திலும் மோவாயிலும் மெல்லிய செதில் வந்தது. கன்னத்தில் ஒன்றுமே உரியவில்லை, ஆனால் கறை வெளுத்தது கன்னத்தில்தான். உரிந்தால்தான் வேலை செய்தது என்று எண்ண வேண்டாம். தொங்குகிற செதிலைப் பிய்க்க வேண்டாம்; பிய்த்த இடம் கருக்கும்.

19 டிசம்பர் 2024

திருமணத் தேதியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பொதுவாக பீல்களுக்கு இடையே இரண்டு முதல் நான்கு வாரம் விடுவார்கள். கறை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைய நாலைந்து அமர்வாவது ஆகும். முன்தயாரிப்புக்கு வேறு சில வாரம். இதை உங்கள் நாள்கணக்கில் வைத்தால் அதிகபட்சம் ஒரு பீலுக்கு இடம் இருக்கும். ஒரு பீலால் கிடைப்பது கொஞ்சம் களை. பிசகினால் கிடைப்பது மாதக்கணக்கில் நிற்கும் கறை. மணமேடையில் உட்காரப்போகிறவர் இந்தப் பேரத்தில் இறங்கக் கூடாது என்பது என் எண்ணம். அசெலாயிக் அமிலக் களிம்போ, ட்ரெட்டினாயின் வகையைச் சேர்ந்த அடாபலீன் களிம்போ, எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டு, சன்ஸ்கிரீனோடு இன்றே தொடங்குங்கள்.

21 டிசம்பர் 2024

மேலே எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும் என்று தோன்றுகிறது. மருத்துவரே பார்த்து, மான்டெலிக் போன்ற மென்மையான ஒன்றைப் போடலாம் என்று சொன்னால் பிடிவாதமாக மறுக்க வேண்டாம். கசப்பு வாதுமையிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட அமிலம் அது. மூலக்கூறு பெரியது, தோலுக்குள் மெதுவாகத்தான் நுழைகிறது. நம் நிறத்துக்கு ஏற்றது என்று பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று வாரம் இருக்கட்டும்.

ஏனென்றால் நலங்கு இருக்கிறது. பீல் போட்ட சில நாளில் அத்தைமார் வரிசையாக வந்து கஸ்தூரி மஞ்சளும் கடலைமாவும் சந்தனமும் அழுத்தித் தேய்த்தால் முகம் என்னவாகும்! யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. தேய்க்கக் கூடாது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளீச், வாக்சிங், முகத்தில் த்ரெட்டிங் எல்லாவற்றையும் அந்த நாட்களில் தள்ளிவையுங்கள்.

28 டிசம்பர் 2024

பார்லரில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் நாத்தனாரைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர், கடைப் பெயர் வேண்டாம். ஒரு விசேஷத்துக்கு முந்தின வாரம் பழ ஃபேஷியல் என்று சொல்லித்தான் உட்காரவைத்தார்கள். பூசியது என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. எரிகிறது என்று சொன்னபோது, எரிந்தால்தான் பலன் என்று பதில் வந்தது. மறுநாள் வலது கன்னமேட்டில் ரூபாய் நாணய அளவில் சிவப்பு, வாரக் கடைசியில் அதே இடம் காப்பிக்கொட்டை நிறம். அது மங்க அடுத்த வருடம் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் அவள் எந்தப் படத்திலும் நேராகப் பார்த்து நிற்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் நம்மிடம் துடிப்பானவை. சூடோ, அமிலமோ, கீறலோ, எந்தக் காயம் பட்டாலும் நிறமியைக் கூடுதலாகச் சுரந்து பதில் சொல்கின்றன. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்துத் தோலை வகை பிரித்தார். இப்போது அது ஆறு வகை, எண் ஏற ஏற நிறமும் அடர்த்தி. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. வெள்ளைத் தோலில் சிவந்து ஆறிவிடும் அதே காயம் இங்கே கறையாக உட்கார்ந்துவிடுகிறது. காணொளியில் வெளிநாட்டுப் பெண் ஐந்து நிமிடம் வைத்தாள் என்பது நமக்கு அளவுகோலே அல்ல.

இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் 2008-ல் பீலுக்கென்று வெளியிட்ட வழிகாட்டியில், நடு ஆழ பீல்களைக் கருநிறத் தோலில் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும், ஆழமான பீல்கள் இந்தியத் தோலுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆழமான பீலில் பயன்படும் ஃபீனால் இதயத் துடிப்பையே தடுமாறவைக்கக் கூடியது.

2 ஜனவரி 2025

இது புது மோகம், கொரியாவிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார் ஒருவர். இல்லை. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 1882-லேயே சாலிசிலிக், ரிசார்சினால், ஃபீனால், டிரைகுளோரோ அசிட்டிக் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதிவிட்டார். பழ அமிலங்கள் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1974-ல் வான் ஸ்காட், யூ என்ற இருவர் அவற்றைச் சோதித்தது அழகுக்காக அல்ல. மீன் செதில் போலத் தோல் தடித்துப்போகும் இக்தியோசிஸ் நோயாளிகளுக்காக. அந்தத் தடிப்பு உதிர்ந்ததைப் பார்த்த பிறகுதான் மற்ற பயன்கள் வந்தன.

9 ஜனவரி 2025

மருந்துக்கடையில் கேட்டு ஒரு கறைக் களிம்பு வாங்கிப் போட்டேன், பத்தே நாளில் பளிச்சென்று ஆகிவிட்டது, பீல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோழி, அந்தக் குழாயின் அட்டையை எடுத்துப் படியுங்கள். ஹைட்ரோகுயினோன் (நிறமியைக் குறைப்பது), ட்ரெட்டினாயின் ஆகியவற்றோடு மோமெட்டசோன் என்று மூன்றாவது பெயர் இருக்கிறதா? அது ஸ்டீராய்டு. மருத்துவர் சில வாரத்துக்கு மட்டும், கண்காணித்துத் தருவதை நம் ஊரில் பெண்களும் ஆண்களும் வருடக்கணக்கில் முகப்பூச்சாகப் போடுகிறார்கள். தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் முகம் தீயாய் எரிகிறது. மத்திய அரசு 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடையில் கேட்டால் இன்னமும் எடுத்துக் கொடுக்கிறார்கள். என் வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு அன்று பாடம் நடத்த முடியவில்லை.

அந்தக் களிம்பால் மெலிந்த தோலில் பீல் போட்டால் பெரிய சேதம். பீலுக்குப் போகிறவர்கள் என்னென்ன பூசினோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயப்படாதீர்கள். குழாயையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

18 ஜனவரி 2025

குவிந்த கேள்விகளுக்குச் சேர்த்து.

எலுமிச்சையும் அமிலம்தானே என்றால், ஆம், ஆனால் அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருப்பும் வரும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு சாலிசிலிக் கூடாது. கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். ட்ரெட்டினாயினும் அவர்களுக்கு ஆகாது. உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், பீல் அதைக் கிளப்பிவிடும். அசைக்ளோவிர் மாத்திரை தருவார்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்களை முன்பெல்லாம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு காத்திருப்பு தேவையில்லை என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர் குழுக்கள் கருத்தை மாற்றியிருக்கின்றன. உங்கள் விஷயத்தில் முடிவு அந்த மாத்திரையை எழுதியவருடையது.

மங்குக்கு பீல் போடலாமா என்பது தனிக் கதை. குறையும், திரும்பி வரும்.

23 பிப்ரவரி 2025

கேள்வி கேட்ட மணமகள் எழுதியிருக்கிறார்! பாட்டிலைத் திறக்கவே இல்லையாம். மருத்துவர் அடாபலீனும் சன்ஸ்கிரீனும் மட்டும் தந்து, புதுப்பரு நின்று, கறை பாதியளவு மங்கிய முகத்தோடு மணமேடை ஏறியிருக்கிறார். நலங்கில் மஞ்சளைக் கைகாலோடு நிறுத்திவிட்டார்களாம். அவருடைய அத்தைக்கு என் நன்றி.

2 மார்ச் 2025

பணம் இருப்பவர்களுக்கு மட்டுமா இதெல்லாம் என்று ஒரு தம்பி கேட்டது உறுத்திக்கொண்டே இருக்கிறது. தனியார் கிளினிக்கில் நான் அமர்வுக்கு 2,000 ரூபாய் கொடுத்தேன், எல்லோராலும் முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது: சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரையில் ராஜாஜி. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு போட வேண்டும், வரிசை நீளம். ஆனால் பருவுக்கான மருந்து அங்கே காசில்லாமல் கிடைக்கும். பருவை நேரத்தில் நிறுத்தினால் பாதிப் பேருக்கு பீலே தேவைப்படாது.

6 மே 2025

கத்திரி தொடங்கிவிட்டது. இப்போது பீல் போடலாமா என்று கேட்பவர்கள் தள்ளிப்போடுங்கள். வெளியில் அலையும் வேலை உள்ளவர்களுக்கு மார்கழி, தைதான் வசதி.

சன்ஸ்கிரீன் போட்டும் கருக்கிறது என்கிறீர்கள். எவ்வளவு போடுகிறீர்கள்? முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். எஸ்பிஎஃப் (குழாயில் அச்சிட்டிருக்கும் வெயில் தடுப்பு எண்) 30-க்கு மேல். வெயிலில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மறுபடி. பள்ளியில் மதிய உணவு முடிந்து கைகழுவும் இடத்திலேயே நான் போட்டுக்கொள்கிறேன். முதலில் வேடிக்கை பார்த்த சக ஆசிரியைகள் இப்போது என் குழாயைக் கேட்கிறார்கள். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட வகையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கருக்கவைக்கும். சாயல் இல்லாத சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

14 ஜூன் 2025

மணமகளுக்கு மருத்துவர் இப்போது ஜெஸ்னர் பீல் பேசியிருக்கிறாராம், ஒத்துக்கொள்ளலாமா என்கிறார். சாலிசிலிக், லாக்டிக், ரிசார்சினால் மூன்றும் தலா 14 சதவீதம் ஆல்கஹாலில் கலந்தது அது. எத்தனை பூச்சு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆழம் கூடும். தேர்ந்த கையில் நம் தோலிலும் செய்கிறார்கள். அடாபலீனில் தோல் பழகியிருக்கிறது, அது நல்லது. முதல் முறை ஒரு பூச்சோடு நிறுத்துவாரா, காதுக்குப் பின்னால் சோதித்துப் பார்ப்பாரா, அடாபலீனை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், கருத்தால் அடுத்து என்ன செய்வார் என்று கேளுங்கள். கர்ப்பத்துக்கு முயல்கிறீர்கள் என்றால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லுங்கள். அடாபலீனையும் சேர்த்து மொத்தத் திட்டமே மாறும். நிதானமாகப் பதில் சொல்கிறாரென்றால் ஐப்பசிக்குப் பிறகு ஒரு தேதி வாங்குங்கள். அவசரப்படுத்தினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த 70 சதவீதப் பாட்டில் இன்னும் வீட்டில் இருந்தால் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், குழந்தைகள் எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். மூடியை இறுக்கி, பெயர்ச்சீட்டோடு, அடுத்த முறை போகும்போது கிளினிக்கில் கொடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள்.